நவம்பரின் உலர் எடை

பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு. இல்லை, நான்கு மூன்று. தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, கடைசி இலக்கம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று வடிவு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வராது. பக்கத்து அறையில் துறைத்தலைவர் ஆவுடையப்பன் நடந்துகொண்டிருக்கிறார். அவர் நடந்தால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் தராசு நடுங்கும். மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டுகிற தராசுக்கு ஒரு விலங்கியல் பேராசிரியரின் குதிகால் பூகம்பம்தான். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அந்தக் குதிகால் ஒரு தடவையாவது ஓடைத் தண்ணீரில் நனைந்திருக்குமா. பட்டத்துக்காக அவர் எண்ணியது மைனாக்களை. அதையும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார் என்று அவரோடு படித்தவர்களே சொல்வார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அதற்குத்தான் நடக்கிறார், பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை வழங்கப்போகிறவர் மாதிரி. இப்போது மணி பத்தே முக்கால். இன்னும் பதினொரு கிண்ணங்கள் இருக்கின்றன. கிண்ணம் என்றால் அலுமினியத் தாளைச் சுண்டுவிரல் நுனியில் வைத்து மடித்த சிறு குழி, ஒவ்வொன்றிலும் ஒரே நீளமுள்ள இருபது புழுக்கள், அறுபது டிகிரி அடுப்பில் இரண்டு நாள் காய்ந்தவை. ஊதினால் பறந்துவிடும். நெடுங்கல் ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு மூன்று வாலையும் ஆட்டுமே, அந்த மேஃபிளைக் குஞ்சுகள்தான். ஜூலை மாதத்துடையவை. போன ஆகஸ்டில் தொடங்கி இந்த ஜூலை வரை மாதம் ஒரு நாள் ஓடைக்குப் போய், ஒரு சதுர அடி இரும்புச் சட்டத்தில் தைத்த வலையை நீரோட்டத்துக்கு எதிரே ஊன்றி, சட்டத்துக்குள் இருக்கும் கல்லையெல்லாம் கையால் தேய்த்து, வலைக்குள் விழுந்ததை அள்ளிக்கொண்டுவந்து, இனம் பிரித்து, நீளம் அளந்து, காயவைத்து, எடை பார்த்து. இந்தப் பதினொன்றும் முடிந்தால் வருஷம் முடிந்தது. வருஷம் முடிந்தது என்று ஆவுடையப்பன் போன வாரமே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பன்னிரண்டு மாதமும் பூர்த்தி. பூர்த்தி என்ற சொல்லைத்தான் போட்டிருந்தார். நடை நின்றது. நான்கு இரண்டு. குறித்துக்கொண்டாள்.

பூர்த்தியாம். அடுத்த கிண்ணத்தை இடுக்கியால் எடுத்தாள். வருகிறவன் பெயர் ரகுநந்தன், சென்னையில் ஆலோசனை நிறுவனம் வைத்திருக்கிறான். ஓடையை மேலே கல்லிடுக்கிலேயே குழாய் போட்டு உறிஞ்சி பாட்டிலில் அடைக்க நினைக்கிற கம்பெனிக்காக ஓடையைப் பரிசோதித்து அறிக்கை எழுதியவன். பரிசோதனை. மே மாதம் ஒரே ஒரு நாள் வந்தானாம், முழங்கால் வரை ரப்பர் பூட்சு, தலையில் தொப்பி, கூட ஒரு புகைப்படக்காரன். மூன்று இடத்தில் வலை வைத்தான். சதுர மீட்டருக்கு உலர் எடை பூஜ்யம் புள்ளி எட்டு கிராம் என்று கண்டுபிடித்தான். ஓடையில் உயிர் வளம் மிகவும் குறைவு, நீரை எடுப்பதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்று முடித்தான். அனுமதி கொடுக்குமுன் கலெக்டர் ஆபீஸ் துறையின் கருத்தைக் கேட்டிருக்கிறது, எந்த அறிக்கை சரியோ அதன் கீழே ஆவுடையப்பன் கையெழுத்துப் போடவேண்டும். புள்ளி எட்டு தப்பில்லை, அதுதான் எரிச்சல். வடிவும் அதே மே மாதத்தில் அதே இடத்தில் புள்ளி ஒன்பது எடுத்திருக்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்த்து, அடியில் ஒரு பிடி சோறுதான் இருக்கிறது, ஆகவே இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று எழுதுகிறவனை என்ன செய்வது. பானை ஏன் காலி. தின்றார்கள், அதனால் காலி. மீன் தின்கிறது, தும்பிக் குஞ்சு தின்கிறது, தவளை தின்கிறது, மிச்சம் சிறகு முளைத்துப் பறந்துபோய் அதைத் தகைவிலான் குருவி தின்கிறது. மேஃபிளை ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து சிறகு வரை வந்துவிடுகிறது. தின்னத் தின்ன விளைகிறது. இன்றைக்கு எவ்வளவு கிடக்கிறது என்பதல்ல கேள்வி, வருஷம் முழுக்க எவ்வளவு விளைந்தது என்பது. அதற்கு மாதாமாதம் போகவேண்டும். இந்த மாதம் சின்னதாக இருந்தது அடுத்த மாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எத்தனை காணாமல் போயிருக்கிறது என்று ஒவ்வொரு நீளத்துக்கும் பார்த்துக் கூட்டவேண்டும். இந்தப் பதினொரு கிண்ணத்தால் பெரிதாக மாறிவிடாது, கூட்டினால் அதே சதுர மீட்டரில் வருஷத்துக்கு இருபத்தாறு கிராம். புள்ளி எட்டு எங்கே இருபத்தாறு எங்கே. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று. மின்வாரியத்தில் இருபது வருஷம் மீட்டர் பார்த்த மனிதர்தான் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, அவருக்குப் புரியவேண்டும், மீட்டர் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு நாள் சொன்னாள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "அப்ப புழுவுக்கும் ரீடிங் எடுக்கன்னு சொல்லு" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மட்டும் அதைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். சிரிக்கட்டும். இவர்கள் எல்லாரும் புலிக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள். மலை என்றால் புலி, காடு என்றால் யானை. யானை படம் போட்ட பனியனோடு இந்தக் கல்லூரிக்கு வந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே இயற்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார் ஒருவர், பிள்ளைகள் கைதட்டினார்கள், ஆவுடையப்பன் பொன்னாடை போர்த்தினார். அந்த மனிதரை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார். ஐய, புழு.

பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று. முப்பிடாதி ஐய என்று சொன்னதில்லை. மலையடிவாரத்துக் காலனியில் இருந்து வருவாள், முப்பத்தெட்டு வயது, திட்டத்தில் களப்பணிக்கு உதவியாள் என்று சேர்த்தது. முதல் நாள் தட்டில் கொட்டியதை அரை மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, தானாகவே பிரிக்க ஆரம்பித்தாள், வால்பூச்சி ஒரு பக்கம், கல்வீட்டுப் புழு ஒரு பக்கம், செம்புழு ஒரு பக்கம். மணலையும் சின்னக் கல்லையும் ஒட்டித் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்கிற புழுவுக்குக் கல்வீட்டுப் புழு என்று அவள் வைத்த பேர். முதுகலை இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் ஆகும் அதற்கு. நீரோட்டத்தில் எந்தக் கல் நிற்கும் எது உருளும் என்று அவள் காலுக்குத் தெரியும், வடிவின் காலுக்குத் தெரியாது. அதனால் முதல் இரண்டு மாதம் இருவரும் இறங்கினார்கள், அப்புறம் முப்பிடாதி இறங்கினாள், வடிவு கரையில் நின்றாள், கரையில் நிற்க ஒரு ஆள் வேண்டும்தானே, பாட்டிலில் சீட்டு ஒட்ட, நேரம் குறிக்க, கயிறு. ஏழு ஒன்று என்று எழுதினோமா, ஏழு பதினொன்று என்று எழுதிவிட்டோமா. சரியாகத்தான் எழுதியிருக்கிறது. தாளில் பன்னிரண்டு பத்திகள், மாதத்துக்கு ஒன்று, ஆகஸ்ட் செப்டம்பர் அக்டோபர் நவம்பர். நவம்பர் பத்தி மற்றவற்றைப் போலத்தான் இருக்கிறது. அதே மை, அதே கையெழுத்து. இன்னும் சுத்தமாகவே இருக்கிறது என்று சொல்லவேண்டும், அடித்தல் திருத்தல் இல்லை, மற்ற மாதங்களில் ஈரக்கை பட்டு எண் கலைந்த இடங்கள் உண்டு, இதில் இல்லை. எப்படி இருக்கும், அது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதியது. அக்டோபரையும் டிசம்பரையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். வகுத்து வந்தது அப்படியே இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும் என்று இங்கே இரண்டு புழு கூட்டி அங்கே மூன்று புழு குறைத்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. சந்தேகம் யாருக்கு வரும், ஆவுடையப்பனுக்கா. மைனா எண்ணியவருக்கு. அன்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. எண்களை உட்கார்ந்த இடத்தில் உண்டாக்குகிறவர்களைப் பற்றி அவள் வகுப்பில் எவ்வளவு பேசியிருக்கிறாள், பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று பிள்ளைகளுக்கெல்லாம் தெரிகிற மாதிரி.

வெள்ளம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். திடீர் வெள்ளம், மேலே மழை பெய்திருக்கிறது, கண்ணிமைக்கிற நேரத்தில் வந்துவிட்டது. மலை ஓடை, யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கேட்டவர்கள் முப்பிடாதியின் வீட்டுக்காரன் உட்பட, அய்யோ என்றார்கள், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே டீச்சர் என்றார்கள். கிண்ணத்தைத் தராசுக்குள் வைத்தாள், கதவை மூடினாள், இலக்கம் ஏறியது இறங்கியது. தூறல், ஆமாம், தூறல் இருந்தது. காலை எட்டரை. மருதமர வேரில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொள்வது வழக்கம், மறுமுனை முப்பிடாதியின் இடுப்பில். அன்றைக்குச் சுற்றவில்லை. ஒரு கையில் குடை. கையில் பிடித்திருந்தாள், பிடித்துத்தான் இருந்தாள், அப்போது போன். ஆவுடையப்பன். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, துறையின் ஆல்பத்தில் மீன்தொட்டித் திறப்புவிழாப் படம் ஒன்று குறைகிறது, தான் ரிப்பன் வெட்டுகிற படம், அது எங்கே. காலை எட்டரை மணிக்கு, அந்த மனிதருக்குத் தன்னுடைய கத்தரிக்கோல் படம். வைத்துவிட்டிருக்கலாம். நான் ஓடையில் இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்று இரண்டு சொல் சொல்லி வைத்துவிட்டிருக்கலாம், ஆனால் அவள் வைக்கவில்லை, ஏனென்றால் பேச நன்றாக இருந்தது. அதுதான் விஷயம். சார், அந்தப் படத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள், அதனால் எடுத்துவிட்டேன் என்றாள். அது பொய்கூட இல்லை. அவர் திணறுவது காதில் கேட்டது, இன்னும் ஒன்று சொல்லவேண்டும் போலிருந்தது, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றைச் செருப்புக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, குழுவுக்குக் காட்டத் துறையில் மீன்தொட்டி தவிர வேறு என்ன இருக்கிறது சார் என்று மற்ற கையை விரித்தாள், பார்ப்பதற்கு யாருமில்லாத இடத்தில் கையை விரித்தாள், அப்போது காலடியில் ஏதோ சர்ரென்று போனது. பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கினாள். காலைத் தூக்கினாள். பாசிக் கல்லில் வழுக்கி முப்பிடாதி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள், கயிறு இழுத்துப் பிடித்திருந்தால் அந்தச் சாய்விலேயே நின்றிருப்பாள், முன்பு மூன்று நாலு தடவை அப்படி நின்று சிரித்திருக்கிறாள். சாய்ந்தாள், இடுப்பு கல்லில் மோதிய சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது, இருபதடி உருண்டு இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கினாள், கீழே குளித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். வலை போயிற்று. வடிவு போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் அவர் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் ஆபரேஷன், இடுப்பில் தகடு, நாலு மாதம் படுக்கை. வடிவு இரண்டு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஆப்பிள். இடுப்பு உடைந்தவளுக்கு ஒரு கிலோ ஆப்பிள், மேலே ஒட்டின சின்ன ஸ்டிக்கரோடு. இப்போது அவள் காலை இழுத்து நடக்கிறாளாம், வீட்டோடு பீடி சுற்றுகிறாளாம். டிசம்பரிலிருந்து வேறு இரண்டு பேர் வந்தார்கள், செம்புழுவுக்கும் வேருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள். கிண்ணங்களைச் சுற்றி ஈரம் உறிஞ்சப் போட்ட நீலச் சிலிக்கா மணிகள் ஓரத்தில் இளஞ்சிவப்பாக மாற ஆரம்பித்துவிட்டன, காற்றில் ஈரம் அதிகம், சீக்கிரம் முடிக்காவிட்டால் கிண்ணங்களில் ஈரம் ஏறி எடை கூடிவிடும். வேண்டாத எடை. எத்தனை கிண்ணம் முடிந்தது, ஏழு, எட்டு. ஓடை பிழைக்கவேண்டும் என்றால் இருபத்தாறு வேண்டும், இருபத்தாறு நிற்கவேண்டும் என்றால் பன்னிரண்டு மாதம் வேண்டும். ஒரு மாதத்துப் பொய், பதினொரு மாதத்து நிஜத்தைத் தாங்கிப் பிடிக்கத்தானே. இந்த மாதிரி வாக்கியத்தை ஆவுடையப்பன் சொல்லியிருந்தால் எவ்வளவு நாள் அதை வைத்துச் சிரித்திருப்பாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவரே வாசலில் வந்து நின்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு. "வடிவு மேடம், அவங்க வந்துட்டாங்க. வாங்க." பதினோராவது கிண்ணத்தைத் தராசில் விட்டுவிட்டு எழுந்துபோனாள். ரகுநந்தன் எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான், முப்பத்தைந்துகூட இருக்காது. எழுந்து கைகுவித்தான். வணக்கம் சொல்லத் தெரிந்தவனாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் பேச ஆரம்பித்தார். இப்போது பறவைகளைப் பற்றித் தொடங்குவார், அப்புறம் தன் ஆசிரியரைப் பற்றி, அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஏதாவது சொல்லிக் காபி வரவழைப்பார் என்று வடிவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க புள்ளி எட்டு சரிதான் தம்பி," என்றார் அவர். "ஆனா அது ஒரு நாள் இருப்பு. எங்க மேடம் எடுத்தது ஒரு வருஷ விளைச்சல். ரெண்டும் வேற. பானையில கிடக்கிறத வச்சு வீட்டுல சமைக்கிறதே இல்லைன்னு சொல்லிட முடியாதுல்லா."

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பானை. போன மார்ச்சில் துறைக் கருத்தரங்கில் அவள் சொன்னது, அவர் அப்போது முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று பக்கத்திலிருந்தவளிடம் காட்டிச் சிரித்தாள்.

ரகுநந்தன் தாளைப் புரட்டினான். நிதானமாகத்தான் புரட்டினான். "சார், இதை நாங்க இந்த மாதிரி பண்ணலைங்கிறது உண்மை. எங்களுக்குக் கொடுத்த நாள் அவ்வளவுதான். ஆனா இருபத்தாறுங்கிறது ரொம்பப் பெரிய நம்பர். ஒரு மாசம் விட்டுப்போயிருந்தாலும் கம்பெனித் தரப்புல முழுசா நிராகரிச்சிருவாங்க."

"விட்டுப்போகல. மாசாமாசம் தண்ணியில இறங்கி எடுத்தது. நவம்பர்ல அந்த வெள்ளத்துலயும் எடுத்திருக்காங்க. ஒரு பொம்பளைக்கு இடுப்பே உடைஞ்சுபோச்சு, அப்பவும் விடல. இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுதேன், என்னுடைய முப்பத்திரண்டு வருஷ சர்வீசையும் வச்சு."

"பன்னிரண்டு மாசமும் இருந்தா நாங்க மறுக்க முடியாது சார்," என்றான் அவன். "எங்க அறிக்கையத் திரும்ப எடுத்துக்க வேண்டியதுதான்."

இவ்வளவுதானா. இவ்வளவு சுலபமாகவா. அவன் இன்னும் கொஞ்சம் அற்பமாக இருந்திருக்கலாம், ஒரு கேள்வி அகம்பாவமாகக் கேட்டிருந்தால் அந்தக் கோபத்தில் நவம்பர் பத்தி நிஜம் என்று அவளே நம்பியிருப்பாள். ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழைய மைப்பேனா, மூடியைத் திருகிக் கழற்றவேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மைனா எண்ணியவர். கண்ணை மூடிக்கொண்டு படத்தில் நிற்பவர். அவர் பெயர் அந்தப் பத்திக்குக் கீழே, உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கிய எண்ணுக்குக் கீழே வரப்போகிறது. அப்படி வந்தால் எத்தனையோ வருஷமாக அவரைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும், அதை உண்மையாக்கியது அவளாக இருப்பாள். மூடி கழன்றது.

"நவம்பர் இல்ல சார்," என்றாள் வடிவு.

"என்னம்மா?"

"நவம்பர்ல வலை தண்ணியோட போயிட்டு. அந்தப் பத்தி நான் வீட்டுல உட்கார்ந்து எழுதினது. பதினொரு மாசம்தான் இருக்கு. அதுக்கு மட்டும்னா இருபத்திரண்டு வருது. அது நிக்கும்."

ரகுநந்தன் தாளைப் பார்த்தான், நவம்பரில் விரல் வைத்தான், பிறகு அந்த விரலை எடுத்துவிட்டான். "அப்ப எங்க அறிக்கை மட்டும்தான் நிக்குது மேடம்," என்றான் மெதுவாக. அதில் சந்தோஷம் இல்லை, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "பதினொரு மாசமே எங்களுடையதவிடப் பெரிசுன்னு எனக்குத் தெரியுது. ஆனா ஒரு பத்தி இப்படின்னு தெரிஞ்சப்புறம் மத்தப் பத்தியையும் கேப்பாங்க. நான் கேக்கல. கேப்பாங்க."

ஆவுடையப்பன் பேனாவை மூடினார். மூடுவதற்கும் அத்தனை சுற்று. "சரி தம்பி. எனக்கு ஓய்வு மார்ச்லதான். நவம்பரை எடுத்து முடிக்கிற வரைக்கும் துறை எந்தக் கருத்தும் சொல்லலன்னு நான் கலெக்டர் ஆபீசுக்கு எழுதுதேன். ஆய்வு முடியலன்னு எழுதுதேன், ஏன் முடியலங்கிறதையும் எழுதுதேன். துறை கருத்து இல்லாம அவங்க அனுமதி கொடுக்கணும்னா கொடுக்கட்டும், அதுவரைக்கும் உங்க அறிக்கையிலயும் என் கையெழுத்து கிடையாது." இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு வீம்பு வேண்டும். இத்தனை நாள் அவள் அந்த வீம்பைத்தான் கேலி செய்துகொண்டிருந்தாள்.

ரகுநந்தன் போன பிறகு அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவர் திட்டித் தீர்த்தால் நன்றாக இருக்கும் என்று வடிவு உட்கார்ந்திருந்தாள். அவர் பேசும்போது முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் காலையில அந்தப் பொம்பளை விழுந்தப்ப நீங்க போன்ல பேசிட்டிருந்தது என்கிட்டயா?"

"ஆமா சார்."

"நானும் நெனச்சேன். ஹலோ ஹலோன்னேன், தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு." ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க என்னை ஒரு ஆளாவே மதிக்கிறதில்லம்மா. அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஆனா உங்க நம்பரை நான் மதிச்சேன்," என்றார். அதற்குப் பதில் வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. திரும்பிப்போய் மேசையில் உட்கார்ந்து, கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதவேண்டியதை எழுதத் தொடங்கினார். அவளிடம் வெள்ளைத்தாள் ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது தராசில் இருந்த கிண்ணம் ஈரம் குடித்துக் கனத்திருந்தது. மறுபடி அடுப்பில் வைக்கவேண்டும், நாளை பார்க்கவேண்டும். வைத்தாள். வேறு வேலை இல்லை. தன்னைப் பற்றி ஏதோ ஒரு நல்ல எண்ணம் மெல்லத் தலைநீட்டப் பார்த்தது, உண்மையைச் சொல்லிவிட்டோம் என்கிற மாதிரி, அதை அவள் அருவருப்போடு பார்த்தாள். எதைச் சொன்னாய். பத்தியைச் சொன்னாய். மேசையில் எழுதியதைச் சொன்னாய். செருப்புக்கடியில் இருந்ததைச் சொன்னாயா. படித்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு எண்ணை வாபஸ் வாங்குவது பெரிய காரியம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்துவிட்டாய், இனி இதையும் வகுப்பில் சொல்வாய், பெயர் சொல்லாமல். போனை எடுத்தாள், வைத்தாள், கைகழுவினாள், மறுபடி எடுத்தாள். ஐந்து மாதமாகக் கூப்பிடாத எண். நாலாவது மணியில் எடுத்தாள் முப்பிடாதி. பின்னால் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கறுக் கறுக்கென்று கேட்டது.

"டீச்சரா. சொல்லுங்க."

"நல்லாருக்கியா. நடக்க முடியுதா?"

"நடக்கேன். மழைக்குத்தான் கொஞ்சம் குத்தும். என்ன டீச்சர் விஷயம்?"

"இந்தக் கார்த்திகைக்குத் திரும்ப வலை போடணும். போன கார்த்திகையில எடுத்தது இல்லாமப் போச்சுல்லா."

"ஆமா, வலைதான் போயிட்டே. ஆனா எடுத்தாச்சுன்னுல்லா எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னிய. பொறவு கெடச்சுட்டோன்னு நெனச்சேன்."

"கெடைக்கல." மேசையில் கிடந்த இடுக்கியை நகர்த்தி வைத்தாள். "முப்பிடாதி, அன்னைக்கு வெள்ளம் வரல."

கத்தரி நிற்கவில்லை. "தெரியும் டீச்சர்."

"கயித்த நான்…"

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். நர்சம்மாதான் கயித்தக் கத்தரிச்சுப் போட்டா. முழுக் கயிறும் சுருண்டு எங்கிட்டதான் கெடந்துச்சு, இடுப்புக் கட்டு அப்படியே இருந்துச்சு. அப்ப அந்தப் பக்கம் விட்டாத்தான உண்டு."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா எலும்பு கூடிருமா. நீங்க வெள்ளம்னிய. நானும் வீட்டுல வெள்ளம்னேன். வேற சொன்னா இவரு உங்க காலேசு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவாரு, அத வேற பாக்கணும்." கறுக், கறுக். "நீங்க சொல்லுவியன்னு கொஞ்ச நாள் இருந்தேன். ஆப்பிளக் கொண்டுக்கிட்டு வந்தப்ப சொல்லுவியன்னு நெனச்சேன். பொறவு விட்டுட்டேன்."

தப்பு என்மேல்தான் என்றாள் வடிவு. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அந்தப் பக்கம் கத்தரி அப்போதுதான் நின்றது. முப்பிடாதி சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"கார்த்திகைக்கு யாரு இறங்கப்போறா?" என்று கேட்டாள்.

"நான் இறங்குதேன். எந்தக் கல்லு நிக்கும்னு நீ கரையிலருந்து சொல்லணும். வருவியா?"

"நீங்க இறங்குவியளா?"

"இறங்குதேன்."

"வாரேன். கயித்த நான் பிடிச்சுக்கிடுதேன்," என்றாள் முப்பிடாதி. "மரத்துல ரெண்டு சுத்து சுத்தித்தான் பிடிப்பேன். போனு வந்தா எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள்.